'நடு இரவில்': அந்நியர்கள் எங்கே போனார்கள்?

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, காட்பாடியிலிருந்து வாலாஜாவுக்கு வந்துகொண்டிருந்த ரயில் முகுந்தராயபுரம் பக்கம் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது. வெளியே மழை, கும்மிருட்டு. பெட்டியில் ஏழெட்டுப் பேர். யாருக்கும் யாரையும் தெரியாது. மர்மக் கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா? ஆனால் பத்தே நிமிஷத்தில் எதிர் சீட்டுப் பெரியவர், "தம்பி வாலாஜாபேட்டையா? எந்தத் தெரு, யாரு வீட்டுப் புள்ள?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். வண்டி கிளம்புவதற்குள் பெரியவருக்கு என் பெரியப்பாவைத் தெரிந்திருந்தது. சஸ்பென்ஸ் அங்கேயே செத்தது.

எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) படத்தில் ஒரு விஷயம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

1939-இல் வந்த அகதா கிறிஸ்டியின் நாவலில், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அதே சரக்கை வைத்து இந்தியில் வந்த 'கும்நாம்' (1965), அந்நியர்களை அந்நியர்களாகவே வைத்துக்கொண்டது. பாலசந்தர் தீவை எடுத்துக்கொண்டார், மாளிகையை எடுத்துக்கொண்டார், வரிசைச் சாவுகளையும் எடுத்துக்கொண்டார். அந்நியர்களை மட்டும் விட்டுவிட்டார். அவர் படத்தில் தீவுக்கு வருகிறவர்கள், சாகப்போகும் பணக்காரரின் சொந்தக்காரர்கள்!

இதை வெறும் தழுவல் வேலை என்று ஒதுக்க முடியாது. நம்மூரில் முன்பின் தெரியாதவர் மேல் சந்தேகம் ரொம்ப நேரம் நிற்காது. ஊர், தெரு, உறவு என்று விசாரித்து ஆளை அடையாளம் கண்டுவிடுவோம். நம்முடைய பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பங்காளி, பாகம், பத்திரம். பாலசந்தருக்கு இது முன்னாடியே தெரியும். 1954-இல் எடுத்த 'அந்த நாள்' படத்திலும் கொலையுண்டவனின் மனைவி, தம்பி, தம்பி மனைவி என்று சந்தேகம் வீட்டுக்குள்ளும் சுற்றுகிறதே?

ஆனால் இதில் ஒரு இழப்பும் உண்டு. கிறிஸ்டியின் தீவில் ஒவ்வொருவர் மேலும், சட்டம் தொட முடியாத ஒரு பழைய சாவு சுமத்தப்படுகிறது. படிக்கிறவன் கேட்பது, "நீ முன்னாடி என்ன செஞ்சே?" உறவுக்காரர்கள் கூடிய உடனே நாம் கேட்பது, "இதுல யாருக்கு லாபம்?" மனசாட்சி வழக்கு சொத்து வழக்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் கிறிஸ்டியின் முடிவு என்னை உலுக்கியது. 'நடு இரவில்' முடிவு முடிச்சை அவிழ்த்ததோடு சரி.

கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் முடிந்த பிறகும் எனக்கு மறக்காதது கொலைகள் இல்லை. யாருக்கும் யாரும் புதுசு இல்லாத ஒரு வீட்டில், ராத்திரி அத்தனை பேரும் அவரவர் அறைக்குள் பயந்துகொண்டு கிடப்பதுதான். ரயிலில் அந்த ஒன்றரை மணி நேரம் நான் பயப்படவே இல்லை.