லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் (நூல்): ஒரு மதிப்பீடு

லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் என்பது லினக்ஸ் இயங்குதளத்துக்குச் சாதன இயக்கிகளை எழுதும் முறையைக் கற்பிக்கும் ஆங்கில நூல். ஜொனாதன் கார்பெட், அலெஸ்ஸாண்ட்ரோ ருபினி, கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஆகிய மூவரும் எழுதிய இதன் மூன்றாம் பதிப்பை ஓரைலி நிறுவனம் 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. இத்துறையில் நுழையும் மாணவருக்கு இன்றும் பலர் முதலில் பரிந்துரைப்பது இந்நூலையே. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது, நடையும் தெளிவானது. ஆனால் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையில் வெப்ப உணரியைப் பொருத்தி, அதற்கு ஓர் இயக்கி எழுத விரும்பும் மாணவர், 600 பக்கங்களைக் கடந்த இந்நூலை முழுவதும் படித்த பின்னும் முதல் அடியிலேயே தயங்கி நிற்க நேரிடும். அது ஏன், அப்படியிருந்தும் இந்நூலை ஏன் படிக்க வேண்டும் என்பதே இம்மதிப்பீட்டின் பொருள்.

சாதன இயக்கி என்பது என்ன?

விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை, உணரி போன்ற ஒவ்வொரு வன்பொருளுக்கும் தனித்தனியான பேச்சுமுறை உண்டு. அந்தப் பேச்சுமுறையை அறிந்து, இயங்குதளத்தின் மையமான கருனிக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று வேலை செய்யும் நிரலே சாதன இயக்கி. லினக்ஸ் கருனியின் நிரல்வரிகளில் பாதிக்கு மேற்பட்டவை சாதன இயக்கிகளே.

இயக்கியின் மூலநிரல் திறந்ததா மூடியதா என்பது வெறும் கொள்கை விவாதம் அன்று. கைப்பேசி, வழிச்செலுத்திப் பெட்டி, கண்காணிப்பு ஒளிப்படக்கருவி போன்ற உட்பொதி சாதனங்களில் இயக்கி மூடிய நிரலாக இருந்தால், தயாரிப்பாளர் கைவிட்ட நாளிலிருந்து அச்சாதனம் பழைய கருனியோடு கட்டுண்டு கிடக்கும். பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டாலும் புதிய கருனிக்கு மாற வழியிருக்காது. வன்பொருள் நன்றாக இருக்கும்போதே சாதனம் குப்பைக்குப் போகும். எனவே திறமூல இயக்கிகளை எழுதத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும். அவர்களை உருவாக்கும் நூல் என்ற வகையிலேயே இதன் நிறைகுறைகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

பதிப்பு வரலாறு

முதற்பதிப்பை ருபினி 1998இல் தனியாக எழுதினார். 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் கார்பெட் இணைந்தார், அது 2.4 கருனியை அடிப்படையாகக் கொண்டது. மூன்றாம் பதிப்பில் க்ரோவா-ஹார்ட்மனும் சேர்ந்தார்; அது 2.6.10 கருனியை விளக்குகிறது. 18 அத்தியாயங்களைக் கொண்ட இப்பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியானதால் எவரும் படியெடுக்கலாம், பகிரலாம், அதே உரிமத்தின் கீழ் மாற்றியும் வெளியிடலாம். இதற்கு அடுத்த பதிப்பு வெளிவரவில்லை.

கற்பிக்கும் முறையின் சிறப்பு

நூலின் மிகப் பெரிய பலம் ஸ்கல் எனப்படும் எடுத்துக்காட்டு இயக்கி. இது உண்மையான வன்பொருள் எதையும் இயக்குவதில்லை. கணினி நினைவகத்தின் ஒரு பகுதியையே ஒரு சாதனம்போலப் பாவித்து, அதில் எழுதவும் படிக்கவும் செய்கிறது. இதனால் சிறப்புக் கருவி எதையும் வாங்காமல், தன்னிடமுள்ள கணினியிலேயே மாணவர் இயக்கியை ஏற்றிச் சோதிக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தில் எளிமையாகத் தொடங்கும் ஸ்கல், பின்வரும் அத்தியாயங்களில் படிப்படியாக வளர்கிறது. தரவு வரும்வரை காத்திருத்தல், ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும் அனுமதி அளித்தல் போன்ற ஒவ்வொரு புதிய கருத்தும் ஏற்கெனவே பழகிய நிரலின்மீதே சேர்க்கப்படுகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் நல்லாசிரியரின் முறை இது.

ஐந்தாம் அத்தியாயம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இரு செயல்கள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடும்போது விளையும் கேட்டை இவ்வத்தியாயம் விளக்குகிறது. அதற்கு நூலாசிரியர்கள் தங்கள் ஸ்கல் நிரலின் ஒரு துண்டையே எடுத்துக்கொள்கிறார்கள். நினைவகம் ஒதுக்கப்பட்டுவிட்டதா என்று இரு செயல்களும் ஒரே கணத்தில் பார்க்கின்றன. இல்லை என்ற விடையே இரண்டுக்கும் கிடைக்கிறது. இரண்டும் தனித்தனியே ஒதுக்குகின்றன. பின்னதன் முகவரி முன்னதன் முகவரியை அழித்துவிட, முதலில் ஒதுக்கிய நினைவகம் யாருக்கும் பயனின்றித் தொலைந்துபோகிறது. பூட்டு எதற்கு என்பதை இதைவிட எளிமையாக விளக்குவது கடினம். வன்பொருளைத் தொடும் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன்னரே இந்த எச்சரிக்கை வந்துவிடுவதும் சிறந்த வரிசைமுறை.

முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு பாகுபாடும் இன்றுவரை பழுதுபடாதது. சாதனத்தால் என்ன செய்ய முடியும் என்பதை வழங்குவது இயக்கியின் வேலை. அதை யார், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானிப்பது இயக்கியின் வேலை அன்று. வெப்ப உணரியின் இயக்கி வெப்பநிலையைச் சொன்னால் போதும். எந்த வெப்பநிலையில் விசிறியைச் சுழற்ற வேண்டும் என்பதைப் பயனர் நிரல் முடிவு செய்யட்டும். தொடக்கநிலையினர் பலர் மீறும் விதி இது.

முதன்மைக் குறை: பேசாத வன்பொருள்

நூல் மனத்தில் கொண்டிருக்கும் வன்பொருள் மேசைக்கணினி. பன்னிரண்டாம் அத்தியாயம் பி.சி.ஐ. அட்டைகளையும், பதின்மூன்றாம் அத்தியாயம் யு.எஸ்.பி. சாதனங்களையும் விளக்குகின்றன. இவ்விரு வகைச் சாதனங்களும் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்பவை. இணைத்தவுடன், தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைக் கருனி கேட்டறிகிறது. அந்த எண்களுக்குரிய இயக்கியைத் தேடி இணைக்கிறது.

உட்பொதி அமைப்புகளில் நிலைமை வேறு. எல்.எம்.75 என்ற பரவலான வெப்ப உணரியை எடுத்துக்கொள்ளலாம். இது ஐ2சி எனப்படும் இரு கம்பி இணைப்பில் வேலை செய்வது. ஒரு கம்பி தரவுக்கு, மற்றொன்று கடிகாரத் துடிப்புக்கு. சில்லின் மூன்று முனைகளை மின்னழுத்தத்துடனோ தரையுடனோ இணைப்பதன் மூலம் எட்டு முகவரிகளில் ஒன்றை அதற்குத் தரலாம். ஆனால் தான் யார் என்று சொல்லும் அடையாள எண் இச்சில்லின் தொடக்க வடிவில் இல்லை. பலகையில் அது இருக்கிறது என்பதையும், எந்த முகவரியில் இருக்கிறது என்பதையும் வெளியிலிருந்து யாராவது கருனிக்குச் சொல்ல வேண்டும். வன்பொருள் பேசாதபோது அதற்காக யார் பேசுவது? உட்பொதி இயக்கி எழுதுபவரின் முதல் கேள்வி இது. நூலில் இதற்கு விடை இல்லை.

இன்றைய விடை டிவைஸ் ட்ரீ எனப்படும் சாதன மரம். பலகையில் உள்ள சில்லுகள், அவற்றின் முகவரிகள், குறுக்கீட்டு இணைப்புகள் முதலியவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதித் தொகுத்தால், கணினி தொடங்கும்போது அது கருனியிடம் ஒப்படைக்கப்படும். சாதன மரம் பவர்பிசி கணினிகளில் முன்னரே இருந்தது. ஏ.ஆர்.எம். செயலிகளுக்கு அது வந்தது பின்னரே. ஒவ்வொரு பலகைக்கும் தனி நிரற்கோப்பு என்று பெருகிய குழப்பத்தை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார்; ஏ.ஆர்.எம். பகுதி சாதன மரத்துக்கு வேகமாக மாறியது அதன் பிறகுதான். 2005இல் வந்த நூலில் இது இல்லாததைக் குறையாகச் சொல்ல இயலாது.

ஆனால் ஐ2சி, எஸ்.பி.ஐ., பொதுப்பயன் முனைகள் ஆகியவற்றுக்கு ஓர் அத்தியாயம்கூட ஒதுக்காததற்குக் காலத்தைக் காரணம் காட்ட முடியாது. நூல் விளக்கும் 2.6.10 கருனியிலேயே எல்.எம்.75 உணரிக்கான இயக்கி இருந்தது. நூலாசிரியர்களுள் ஒருவரான க்ரோவா-ஹார்ட்மன், 2003ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் ஜர்னல் இதழில் ஐ2சி இயக்கிகளைப் பற்றி எழுதியவர். அறிவு இருந்தது, இடம் தரப்படவில்லை. மேசைக்கணினியும் வழங்கியுமே லினக்சின் களம் என்ற அன்றைய பார்வை இத்தெரிவில் தெரிகிறது.

ஸ்கல் எடுத்துக்காட்டின் பலமே இங்கு அதன் பலவீனமாகவும் ஆகிறது. நினைவகம் எப்போதும் உடனே விடை தரும். உண்மையான சில்லோ தாமதிக்கும், விடை தராமலும் போகும். ஒரு கம்பி தளர்ந்திருந்தால் தவறான எண்ணைத் தரும். நூல் வன்பொருளைத் தொடும் இடங்களிலும் பெரிதும் நம்புவது பழைய அச்சுப்பொறி இணைப்பியையே. குறுக்கீட்டைச் சோதிக்க அவ்விணைப்பியின் 9ஆம், 10ஆம் முனைகளை ஒரு கம்பியால் இணைக்கச் சொல்கிறது பத்தாம் அத்தியாயம். அன்று எல்லார் வீட்டுக் கணினியிலும் இருந்த அவ்விணைப்பி இன்றைய மடிக்கணினிகளில் இல்லை.

இரண்டாவது குறை: மாறிய இடைமுகங்கள்

நூலில் உள்ள நிரல்களை அப்படியே தட்டச்சு செய்து இன்றைய கருனியில் தொகுத்தால் பிழைச்செய்திகள் வரிசையாக வரும். குறுக்கீட்டைக் கையாளும் செயற்கூறு நூலில் மூன்று அளபுருக்களைப் பெறுகிறது. 2006இல் வந்த 2.6.19 கருனியிலேயே அது இரண்டாகக் குறைந்துவிட்டது. ஏழாம் அத்தியாயத்தில் நேரங்காட்டியைத் தொடங்கும் முறை 4.15 கருனியோடு விடைபெற்றது. பதினாறாம் அத்தியாயத்தின் வட்டு இயக்கி முறை ஏறத்தாழ முழுவதும் மாறிவிட்டது. தன் தட்டச்சில்தான் தவறு என்று எண்ணி மணிக்கணக்கில் தேடும் மாணவர் சோர்ந்துபோக வாய்ப்புண்டு.

இம்மாற்றங்கள் கவனக்குறைவால் வந்தவை அல்ல. கருனியின் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருக்கப் போவதில்லை என்பது லினக்சின் அறிவிக்கப்பட்ட கொள்கை. அதை விளக்கும் ஆவணத்தைக் கருனியோடு சேர்த்து எழுதிவைத்தவரும் க்ரோவா-ஹார்ட்மனே. இடைமுகத்தை மாற்றுபவரே, கருனிக்குள் இருக்கும் எல்லா இயக்கிகளையும் அதற்கேற்பத் திருத்தித் தர வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே கருனிக்குள் சேர்க்கப்பட்ட திறமூல இயக்கி மற்றவர் உழைப்பால் உயிர்வாழும். வெளியே தனித்து நிற்கும் இயக்கி சில ஆண்டுகளில் செயலிழக்கும்.

நூலின் எடுத்துக்காட்டு நிரல்களுக்கும் இதுவே நேர்ந்தது. அவை கருனிக்கு வெளியே இருந்தன, அதனால் முதுமையடைந்தன. ஆர்வலர்கள் சிலர் பின்னர் அவற்றைப் புதிய கருனிகளுக்கேற்பத் திருத்தி வெளியிட்டிருப்பது திறந்த உரிமத்தின் பயன். எழுதிய இயக்கியைக் கருனிக்குள் சேர்ப்பது எப்படி, திறனாய்வாளர்களின் கேள்விகளுக்கு விடை தருவது எப்படி என்பவை திறமூல இயக்கி உருவாக்கத்தின் பாதி வேலை. முதல் அத்தியாயத்தில் ஒரு சிறு பகுதி தவிர, நூல் இதைப் பேசுவதில்லை. இயக்கியைப் பெற்றெடுக்கக் கற்பிக்கிறது, வளர்க்கக் கற்பிக்கவில்லை.

இன்று படிக்க வேண்டிய முறை

மாணவர் இந்நூலை நிரல் பார்த்து எழுதும் கையேடாகக் கொள்ளாமல், கருத்துகளைக் கற்கும் பாடநூலாகக் கொள்வது நல்லது. 1, 2, 3, 5ஆம் அத்தியாயங்களை வரிசையாகப் படிக்கலாம். அடுத்து நேரம், நினைவக ஒதுக்கீடு, வன்பொருள் தொடர்பு, குறுக்கீடு ஆகிய 7 முதல் 10 வரையிலான அத்தியாயங்களைக் கருத்துக்காகப் படிக்கலாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சாதனமும் இயக்கியும் பொருத்தப்படும் முறையைக் கவனமாகப் படித்தால், சாதன மரத்திலும் அதே பொருத்தம் எண்களுக்குப் பதிலாகப் பெயரால் நடப்பது எளிதில் புரியும். சாதன மாதிரியை விளக்கும் பதினான்காம் அத்தியாயம் மிக அடிமட்டத்திலிருந்து தொடங்குவதால் முதல் வாசிப்பில் மிரட்டும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

பின்னர், இன்றைய கருனியில் உள்ள எல்.எம்.75 போன்ற ஒரு சிறிய இயக்கியைத் திறந்து, நூலில் கற்ற கருத்து ஒவ்வொன்றும் அதில் எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேட வேண்டும். மூலநூலோடு உரையை வைத்துப் படிப்பது போன்ற பயிற்சி இது.

மதிப்பீடு

இந்நூலின் நிரல்கள் பழையவை, சிந்தனை பழையதன்று. பூட்டு, காத்திருப்பு, குறுக்கீடு, இயக்கியின் எல்லை ஆகியவற்றை இதைப்போல் பொறுமையாகச் சொல்லித்தரும் நூல்கள் அரிது. ஆனால் உட்பொதி வன்பொருளுக்கு இயக்கி எழுத இது மட்டும் போதும் என்று மாணவரிடம் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாத சில்லுக்காகப் பேசவும், எழுதியதைப் பிறர் பராமரிக்கத்தக்க வகையில் ஒப்படைக்கவும் அவர் வேறிடத்தில் கற்க வேண்டும். அவ்விரண்டையும் சேர்த்து இந்நூலைப் புதுப்பிக்க எவருக்கும் உரிமம் தடையில்லை. அப்பணியைச் செய்து முடிக்கும் ஆட்களே தேவை.