பிள்ளைத்தமிழும் தாய்ப்பாலும்

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் இன்று காணத்தக்கவை பழைய அரண்மனையின் செங்கல் அடித்தளங்களே. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் அமைத்த அத்தலைநகர், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசின் அரியணையைத் தாங்கி நின்றது. அவ்வரியணையில் 1133 முதல் 1150 வரை வீற்றிருந்தவன் இரண்டாம் குலோத்துங்கன். அவனைக் குழவியாகக் கொண்டு ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே, அப்பெயரிய நூல்களுள் நமக்குக் கிடைப்பனவற்றில் முற்பட்டது. ஆதலின் பிள்ளைத்தமிழ் பற்றி எழும் ஒரு வினாவை இவ்வூரிலிருந்து தொடங்குதல் பொருத்தமேயாகும்.

ஈண்டு நாம் எழுப்பும் வினா எளியது. குழவியைப் பாடுதற்கென்றே வகுக்கப்பட்ட இலக்கியத்தில், குழவிக்குப் பாலூட்டுதல் ஒரு பருவமாக அமையாமை ஏன்?

குழவியைப் பொருளாகக் கொண்டு பாடுதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலே இடந் தந்துள்ளது. பின்வந்த பாட்டியல் நூலார், 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களிற் பாடுமாறு அதற்கு வரையறை கூறினர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் பெண்பாற்கும் உரியன. சில பாட்டியல்கள் வேறு சில பருவங்களையும் எண்ணினும், புலவர் வழக்கில் நிலைபெற்றவை இப்பத்தே.

இக்கால எல்லையை ஊர்ப்புறத்துத் தாய் ஒருத்தியிடம் கூறின், அவள் இதனைப் பால்குடிக் காலம் என்றே அறிவாள். பிள்ளை பால் உண்பதும், அரையாண்டளவில் சோறு தொடுவதும், பின்னர்ப் பால் மறப்பதும் இதனுள் அடங்கும் பெருநிகழ்ச்சிகள். பிள்ளை தலை நிமிர்த்தி ஆடுதற்கு ஒரு பருவமும், கை கொட்டுதற்கு ஒரு பருவமும் உண்டு. அவ்வுடலை வளர்த்த பாலுக்குப் பருவம் இல்லை.

பிள்ளைத்தமிழ்ப் பாடல்களுள் பாலைப் பற்றிய குறிப்புகள் ஆங்காங்கு வருமே எனின், அடையாகவும் உவமையாகவும் வருதல் வேறு. பருவமாக நிற்றல் வேறு. தமிழ்ப்புலவர் இப்பொருளைப் பாட அறியாதவர் அல்லர். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், கண்ணனை முலையுண்ண அழைக்கும் பதிகம் தனித்து நிற்கின்றது. இரவு உண்ணாதே உறங்கிவிட்ட பிள்ளை, மறுநாள் உச்சிப்பொழுதாகியும் உண்ணவில்லை. அவன் வயிறு வாடியதை அசோதை காண்கிறாள். அவள் மார்பிற் பால் தானே பெருகிச் சோர்கிறது. பிள்ளையைக் கண்ட அளவிலும் நினைத்த அளவிலும் பால் இறங்குதல் இன்று உடலியலார் விளக்கும் உண்மை. பெரியாழ்வார் அதனைத் தாயின் உள்ளத்துள் நின்று கண்டார். பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி எனப் போற்றப்படும் அவர் வாக்கில் தாலும் செங்கீரையும் சப்பாணியும் அம்புலியும் உள்ளன. அவையெல்லாம் பின்னர்ப் பருவங்கள் ஆயின. முலையுண்ண அழைத்தல் மட்டும் ஆகவில்லை.

காரணம் பாட்டுடைத் தலைவனின் இயல்பில் உளது என்பது எம் கருத்து. நிலைபெற்ற பருவங்களை நோக்குக. அவற்றுட் பல, பிள்ளை செய்து காட்டப் பிறர் கண்டு மகிழும் செயல்கள். முத்தம் தருபவன் அவன், வருபவன் அவன், தேர் உருட்டுபவனும் அவனே. காப்பிலும் தாலிலும் அவன் செயலற்றுக் கிடப்பினும், தெய்வங்கள் காக்கவும் உலகம் தாலாட்டவும் கிடக்கின்றான். பாலுண்ணும் நிலையிலோ அவன் இரப்பவன், தாய் கொடுப்பவள். யாவர்க்கும் வழங்குபவன் எனப் புகழப்படும் வேந்தனைப் பெறுபவனாகக் காட்ட அரசவை விரும்பாது. பெரியாழ்வாரின் தலைவனோ கடவுள். பெரியோன் எளியனாகி ஆய்ச்சியின் கையை எதிர்நோக்கி நிற்றலே அங்குப் பாட்டின் உயிர். எனவே கடவுட்கு அழகாய எளிமை காவலனுக்கு இழுக்காயிற்று. பிற்காலத்தே குமரகுருபரர் முதலியோர் தெய்வங்களைப் பாடினராயினும், அதற்குள் அரசவையில் அமைந்த யாப்பு இறுகிவிட்டது.

இஃது ஒரு நூல்வகையின் குறை மட்டுமன்று. வள்ளுவர் மக்கட்பேற்றில் பிள்ளை கையிட்டுக் கலக்கிய கூழின் சுவையைப் பேசுகிறார். பாண்டியன் அறிவுடைநம்பியின் புறப்பாட்டில், நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை வருகிறது. இரண்டும் பால் குறைந்து சோறு மிகும் பருவத்தின் இனிய ஓவியங்கள். ஆயினும் உண்கலத்தின் அருகிருந்து காணும் பெற்றோரின் மகிழ்ச்சியே அவற்றுட் பேசுகிறது, ஊட்டும் பணி பேசவில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் முதியவளோ, மகன் புறமுதுகிட்டான் எனின் அவன் உண்ட மார்பை அறுப்பேன் என்கிறாள். அங்குப் பால் மறத்தின் அடையாளமாகிறது. சான்றோர் செய்யுளில் தாய்ப்பால் பெரும்பாலும் ஒன்றன் அடையாளமாகவே நிற்கிறது. நாள்தோறும் செய்யும் பணியாக நிற்பது அரிது.

இனி, குலோத்துங்கனின் அவைக்கே மீள்வோம். அநபாயன் எனப்பட்ட அவ்வரசன் காலத்தே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். ஒட்டக்கூத்தர் விட்ட இடத்தைச் சேக்கிழார் தம் காவியத்தின் நடுவில் வைத்தார். சீகாழிக் குளக்கரையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையாகிய சம்பந்தர் அழ, உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்து ஊட்டுகிறாள். நீராடி மீண்ட தந்தை பிள்ளையின் வாயிற் பாலைக் கண்டு, யார் தந்த எச்சிற்பாலை உண்டாய் எனக் கோலை ஓச்சி வினவுகிறார். இவ்வினா கூர்ந்து நோக்கத்தக்கது. ஊட்டியவரின் இயல்பு ஊட்டப்பட்டதன் வழியே பிள்ளையைச் சேரும் என்னும் நம்பிக்கை இதன் அடியில் உளது. தந்தை அஞ்சியதும் அதனாலே; பிள்ளை ஞானம் பெற்றதும் அதனாலே.

அந்நம்பிக்கை நூலோடு நின்றுவிடவில்லை. தமிழக ஊர்ப்புறங்கள் பலவற்றில், பிறந்த குழந்தையின் நாவில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பர். சில வட்டாரத்தார் இதனைச் சேனை வைத்தல் என்பர். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது கருத்து. பிற்காலத்தில் பிள்ளை குறும்பு செய்யின், உனக்குச் சேனை வைத்தவர் யார் என்று கேட்பதும் உண்டு. சீகாழித் தந்தையின் வினாவும் இவ்வினாவும் ஒரே வேரினின்று எழுந்தவை. ஆயினும் காவியத்திற் கனிந்த நம்பிக்கை தொட்டிலருகே தீங்காகின்றது. தூய்மையற்ற நீரும் விரலும் நோய்க்கிருமியைச் சேர்க்கும். தேனிலுள்ள நுண்ணுயிர் வித்து ஓராண்டு நிரம்பாத குழவிக்கு நஞ்சாகலாம். பிறந்த ஒரு மணி நேரத்துள் தாய்ப்பால் தருக, ஆறு திங்கள் அதுவன்றிப் பிறிதொன்றும் தரற்க என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

சீம்பாலைப் பற்றிய வழக்கோ இன்னும் வியப்புக்குரியது. ஈன்ற பசுவின் சீம்பாலை வெல்லமிட்டு அவித்து விரும்பி உண்ணும் வீட்டிலேயே, ஈன்ற தாயின் சீம்பால் மஞ்சள் நிறமும் தடிப்பும் உடைமையாற் கெட்டபால் எனப் பீய்ச்சிக் கழிக்கப்பட்டது. பசுவுக்குத் தந்த மதிப்பைப் பெண்ணுக்குத் தர அவ்வழக்கு மறந்தது. அப்பாலிலேயே நோய்த்தடுப்புப் பொருள்களும் வைட்டமின் ஏ சத்தும் மிக்குள்ளன. மருத்துவமனைப் பேறு பெருகிய இந்நாளில் இவ்வழக்கு பெரிதும் தளர்ந்தது. எனினும், முதற்பால் தீது என்னும் எண்ணம் முதியோர் பேச்சில் முற்றும் மறைந்திலது.

இவற்றைக் கொண்டு ஊர்ப்புறத்தாரின் அறிவு முழுதும் மடமை எனத் துணிதல் பிழை. அவர் தந்த ஒரு சொல்லே இதற்குச் சான்று. தாய் மீண்டும் கருவுற்றதும், கருவுற்றவளின் பால் ஆகாது என்று முதற் பிள்ளையைத் திடீரெனப் பால் மறக்கச் செய்வர்; மார்பில் வேப்பிலைச் சாந்து பூசிக் கசப்பூட்டுவர். அங்ஙனம் பால் இழந்து மெலிந்து சிணுங்கும் பிள்ளை சவலை எனப்படும். நோயின் தோற்றமும் அதன் காரணமும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. யாப்பிலக்கணத்தாரும் இச்சொல்லை மேற்கொண்டு, இரண்டாம் அடி தனிச்சொல் இழந்து முச்சீராய்க் குறைந்த வெண்பாவைச் சவலை வெண்பா என்றனர். பாலுக்குப் பருவம் வகுக்காத புலமையுலகம், பால் இழந்த பிள்ளையின் பெயரைச் செய்யுளுக்கு இட்டது.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி ஒன்று ஆப்பிரிக்காவில் உளது. இன்று கானா எனப்படும் நாட்டில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்சு, உடல் வீங்கித் தோல் உரிந்து மடியும் குழந்தைகளை ஆராய்ந்தார். அந்நோய்க்குக் கா மொழித் தாயர் வழங்கிய குவாசியோர்க்கர் என்னும் பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த பிள்ளை பிறந்தபோது முன்னைப் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். புரதக் குறைவே காரணம் என அன்று கருதப்பட்டது. காரணம் பல என்பது பின்னர்த் தெளியப்பட்டது. எனினும், பால் மறத்தலையும் நோயையும் முதலில் இணைத்துக் கண்டவர் அத்தாயரே. சவலையும் குவாசியோர்க்கரும் மருத்துவ நோக்கில் முற்றும் ஒன்றல்ல. ஆயினும் ஒரே நோக்கிற் பிறந்த சொற்கள். ஓர் அறிஞர் செவி சாய்த்தமையால் கா மொழிச் சொல் உலகச் சொல்லாயிற்று. நம் சொல் அகராதியிலும் யாப்பிலும் உறங்குகிறது.

ஆகவே திறனாய்வாளனுக்கு இங்குக் கடமை இரண்டு. பிள்ளைத்தமிழைப் பயிற்றுவிக்கும்போது, பத்துப் பருவங்களை எண்ணுவதோடு அமையாது, எண்ணப்படாத ஒன்றையும் அது விடுபட்ட காரணத்தையும் சுட்டுதல் வேண்டும். உடையார்பாளையம், செயங்கொண்டம் போன்ற வட்டாரங்களில் வழங்கும் தாலாட்டையும் பேறுகாலப் பத்தியச் சொற்களையும் பால் மறப்புச் சொற்களையும் தொகுத்து, நலம் பயப்பன இவை, தீங்கு பயப்பன இவை எனப் பகுத்துரைத்தலும் வேண்டும். கண்ணை மூடிப் போற்றுதலும் கண்ணை மூடிப் பழித்தலும் ஆராய்ச்சி ஆகா. அரண்மனை அடித்தளத்தை அகழ்ந்து காண்பது போன்றே, அதனைச் சூழ்ந்த ஊர்களில் தாயர் நாவில் வாழும் சொற்களையும் அகழ்ந்து காணல் தமிழாய்வின் பணியேயாம்.