கணினி சொல்வது குறிப்பு விடை: பிழைச்செய்திகளைத் தமிழாசிரியர் வாசித்தால்



போன வருஷம் ஒரு நாள் கணினி அறைக்கு ரிலீஃப் போனேன். படிவம் 3 மாணவர்களுக்குப் பைத்தான் மொழியில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயனரிடம் வயதைக் கேட்க வேண்டும். 18 அல்லது அதற்கு மேல் என்றால் 'வாக்களிக்கலாம்' என்று திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மாணவி நிரலை ஓடவிட்டு 20 என்று தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், இந்த வரிய அஞ்சு தடவ மாத்திட்டேன். இன்னும் தப்புன்னே சொல்லுது."

டிப்ளோமா படிக்கும்போது கொஞ்சம் பைத்தான் பழகியிருந்ததால் குனிந்து பார்த்தேன். அவள் மாற்றி மாற்றி எழுதிய வரியில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அதற்கு மேல் வரியில் இருந்தது. பைத்தான் 3-இல் 'இன்புட்' என்ற கட்டளை எதை வாங்கினாலும் அதை எழுத்துச்சரமாகத்தான் கொடுக்கும். 20 என்று தட்டினாலும் அது எண் ஆகாது. 2, 0 என்ற இரண்டு குறிகள் மட்டுமே. அதை 'இன்ட்' கட்டளையால் எண்ணாக மாற்றிய பிறகுதான் 18-உடன் ஒப்பிட முடியும். ஆனால் செய்தி என்ன சொன்னது? 'ஸ்டிரிங், இன்ட் இரண்டுக்கும் நடுவே >= குறி செல்லாது' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஒப்பிடும் வரியைச் சுட்டிக்காட்டியது. சொன்னது பொய்யில்லை. ஆனாலும் பிள்ளையை அது தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டது.

"எனக்கு இது வராது டீச்சர். படிவம் நாலுல கணினி எடுக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

பிழைச்செய்தியும் ஓர் எழுத்துதான். யாரோ எழுதிய வாக்கியம். யாரோ அதை வாசிக்கிறார்கள். கதையை விமர்சிப்பதுபோல் இதையும் விமர்சிக்கலாம். அதற்கு நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: நன்னூல் சொல்லும் எண்வகை விடை.

சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பு விடைகள். 'இதைச் செய்வாயா?' என்று கேட்டால் 'செய்வேன்' என்பது நேர் விடை. 'உடம்பு வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். தனக்கு நேர்ந்ததை மட்டும் அது சொல்கிறது. 'அதனால் செய்ய மாட்டேன்' என்பதைக் கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் பிழைச்செய்தி பெரும்பாலும் உற்றது உரைத்தல்தான். 'என்னால் ஒப்பிட முடியவில்லை' என்று தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. அனுபவசாலி அதிலிருந்து காரணத்தை ஊகித்துக்கொள்வார். புதிதாகப் படிக்கிற பிள்ளையோ அதைத் தன் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. குறிப்பு விடையை வெளிப்படை விடையாக வாசிப்பதுதான் சிக்கலே.

சரி, 'இன்ட்' போட்டுத் திருத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பயனர் '13 வயது' என்று தட்டினால் வருவது: 'இன்வேலிட் லிட்டரல் ஃபார் இன்ட் வித் பேஸ் 10'. பத்தடிமான எண்ணாக இதை ஏற்க முடியாது என்று பொருள். செய்தியின் கடைசியில் நாம் தட்டியது அப்படியே நிற்கும். 13.5 என்று தட்டினாலும் இதே செய்தி. ஒன்றுமே தட்டாமல் எண்டர் விசையை அழுத்தினாலும் இதே செய்தி. கடைசியில் வெறும் மேற்கோள் குறி மட்டும் இருக்கும். மூன்று வேறு வேறு தவறுகளுக்கு ஒரே வாக்கியம். 13.5 பத்தடிமான எண்தானே என்று மாணவர் கேட்டால் நாம் என்ன சொல்வது? முழு எண் வேண்டும் என்ற முக்கியமான விஷயம் 'இன்ட்' என்ற மூன்றெழுத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

தமிழாசிரியர்கள் ரசிக்கக்கூடிய ஒன்றும் இதில் உண்டு. ௧௩ என்று தமிழ் எண்ணில் தட்டிப் பாருங்கள். பைத்தான் 3 அதைப் பதின்மூன்று என்று ஒழுங்காக ஏற்றுக்கொள்ளும். ஆனால் பழைய முறைப்படி ௰௩ என்று தட்டினால் அதே 'பேஸ் 10' செய்தி வரும். யூனிகோடு தமிழில் 0 முதல் 9 வரையுள்ள குறிகளைத்தான் பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்துகிறது. ௰ அந்த வகையில் இல்லை. ஆக, பத்தைக் குறிக்கும் தமிழ் எழுத்தைப் பத்தடிமானத்தில் செல்லாது என்கிறது கணினி!

செய்தியே வராத தவறு இன்னும் மோசம். 'இன்ட்' இல்லாமல் வயதை இரண்டால் பெருக்கினால், 13-க்கு 26 வராது, 1313 வரும். சிவப்பு எழுத்து கிடையாது. பிள்ளை சரி என்று நினைத்துக் கொடுத்துவிடும். இதையும் பார்த்தால்தான் தெரிகிறது: குறிப்பு விடையாவது ஒரு விடை. மௌனம் அதைவிட ஆபத்து.

பழைய பைத்தான் 2-இல் இதைவிட வேதனையான ஒரு செய்தி இருந்தது. அங்கே 'இன்புட்', தட்டியதை நிரலாகவே எடுத்துக் கணக்கிடும். 'உன் பெயர் என்ன?' என்று நிரல் கேட்க, கவிதா என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், 'கவிதா என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை' என்று பதில் வரும். பெயரைக் கேட்டுவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 இதை மாற்றிவிட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆனாலும் பழைய குறிப்புகளை வைத்துப் படிக்கும் மாணவர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டலாம்.

கணினியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 'இன்ட்' கட்டளைக்கு, நாம் கேட்டது வயதா வீட்டு எண்ணா என்று தெரியாது. அதன் கைக்கு வருவது ஓர் எழுத்துச்சரம் மட்டுமே. செய்தியை எழுதுகிறவர்கள் திருந்தியும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால், அடுத்த வரியைக் காட்டி 'தொடரமைப்புத் தவறு' என்று மட்டும் சொல்லும். 2021-இல் வந்த பைத்தான் 3.10 முதல், திறந்த அடைப்புக்குறியையே காட்டி 'இது மூடப்படவில்லை' என்கிறது. உற்றது உரைத்தலிலிருந்து சுட்டு விடைக்கு வந்துவிட்டது. நல்ல முன்னேற்றம் என்றே சொல்வேன்.

இப்போது நம் சிவப்புப் பேனாவுக்கு வருவோம். மாணவர் கட்டுரையில் 'வாக்கியம் சரியில்லை', 'தெளிவில்லை' என்று எழுதுகிறோமே, அது எந்த வகை விடை? வாசிக்கும்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்; அவ்வளவுதான். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்பதால் தடுக்கியது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அது சரியான வாக்கியத்தை அஞ்சு தடவை மாற்றி எழுதிக்கொண்டு வரும். அன்று கணினி அறையில் நான் பார்த்தது என் கட்டுரைப் புத்தகங்களையும்தான்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி

பைத்தானில் 'டிரை', 'எக்ஸெப்ட்' என்ற இரு கட்டளைகளைக் கொண்டு, வரும் பிழையைப் பிடித்து நம் சொந்தச் செய்தியைக் காட்டலாம். அந்தச் செய்தியை மாணவர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தோம், அடுத்து என்ன செய்ய வேண்டும். எடுத்துக்காட்டு: 'நீங்கள் தட்டியது 13.5. வயதை முழு எண்ணாகத் தட்டுங்கள். 13 என்பதுபோல.' பிறகு ஒவ்வொரு வாக்கியமும் எந்த வகை விடை என்று கேளுங்கள். இலக்கணமும் ஓடும், நிரலும் ஓடும்.

அந்த மாணவி அன்று மணி அடிப்பதற்குள் 'இன்ட்' போட்டு நிரலை ஓடவிட்டாள். பிறகு செய்தியை எழுதினாள்: 'நீங்கள் தப்பு இல்லை, எண் மட்டும் தட்டுங்கள்.' 'தப்பு இல்லை' என்பதைத் 'தவறு செய்யவில்லை' என்று திருத்தலாமா என்று யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.