மலை நிழலையும் கழிக்கும் சோலார் கணக்கு

ஒரு கிலோவாட் பேனல் போட்டால் நாளைக்கு நாலு யூனிட். சோலார் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு இது. வருஷச் சராசரியாக எடுத்துக்கொண்டால் பெரிய பிசகில்லை. ஆனால் மேற்கே மலை மறிக்கிற சோழபுரத்துக்கும், வெட்டவெளியாகக் கிடக்கிற ராமநாதபுரத்துக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்?

இதற்காகவே சில வாரங்களாக பிவிஜிஐஎஸ் இணையக் கணிப்பானோடு பழகி வருகிறேன். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் இதை இலவசமாகத் தருகிறது. வரைபடத்தில் நம் மொட்டை மாடியைத் தொட்டு, பேனலின் திறனையும் சாய்வையும் கொடுத்தால், மாதவாரியாக எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மலை. நில உயரத் தரவை வைத்து, எந்தத் திசையில் அடிவானம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இது தானே கணக்கிடுகிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நேரடி வெயிலைக் கழித்துவிடுகிறது. சாயங்கால வெயிலில் உற்பத்தி எப்படியும் குறைவு. அதனால் இழப்பும் பெரிதாக இராது. அந்த இழப்பு எவ்வளவு என்று ஊகிக்காமல் தெரிந்துகொள்ள முடிவதே எனக்குப் பெரிய நிம்மதி.

எரிச்சலும் உண்டு. சாய்வுக் கட்டத்தில் 35 டிகிரி என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. நம் பகுதி ஏறத்தாழ 9.4 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயிலே நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். இங்கே 10 டிகிரி போதும். திசை இன்னும் மோசம். இதில் தெற்கு என்றால் 0. அமெரிக்காவின் பிவிவாட்ஸ் கணிப்பானில் தெற்கு என்றால் 180. அங்கே போட்ட எண்ணை இங்கே போட்டால் பேனல் வடக்கே திரும்பிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. வீடு கட்டுகிற மனிதருக்கு 'தெற்கு' என்று எழுதிக் காட்டுவதில் என்ன சிரமம்?

மலை தெரிகிற இதற்குப் பக்கத்து வீட்டுத் தென்னை தெரியாது, தண்ணீர்த் தொட்டியும் தெரியாது. நில உயரத் தரவு ஏறத்தாழ 90 மீட்டர் கட்டங்களாகத்தான் இருக்கிறது. நாமே அளந்து அடிவானக் கோப்பை ஏற்றலாம். ஆனால் சாதாரண மனிதரால் ஆகிற வேலையில்லை அது. 14 சதவீத இழப்பு என்று போட்டிருப்பதும் பேனலைக் கழுவாமல் விடுகிற வீட்டுக்குப் போதாது.

ஆனாலும் என் ஓட்டு இதற்கே. நமக்கு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டிரண்டு மாத உற்பத்தியைக் கூட்டிப் பழைய பில்லோடு ஒப்பிடுங்கள். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் வருகிறதே என்று 3 கிலோவாட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், விற்பவரிடம் மாதவாரிப் பட்டியலைக் கேளுங்கள். சாய்வு 10, திசை 0 என்று போட்டு நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.