வில்லுக்கத்தியை முதுகில் பார்க்க வேண்டும்

கத்தி என்றதும் எல்லோருடைய கண்ணும் அலகுக்குத்தான் போகும். எத்தனை அங்குலம், எப்படி மின்னுகிறது, பெருவிரலில் வைத்தால் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வில்லுக்கத்தியில் ஆகக் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். மழுங்கிய அலகை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் தீட்டி எடுத்துவிடலாம். முதுகுவில் செத்துப்போன கத்தியையோ மூட்டு ஆடத் தொடங்கிய கத்தியையோ எந்தக் கம்மாலையிலும் பழையபடி ஆக்கித் தரமாட்டார்கள். தருகிறேன் என்று சொல்லும் கொல்லர் நல்ல மனிதராக இருப்பார், அவ்வளவுதான்.

மடித்த கத்தியைக் கையில் எடுத்துப் பிடியின் மேல் விளிம்பில் விரலை ஓடவிடுங்கள். இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய உருக்குப் பட்டைதான் முதுகுவில். அலகின் அடியை எந்நேரமும் அழுத்திக்கொண்டு கிடப்பது இதன் தொழில். மடித்த கத்தி மடிக்குள் தானாகத் திறக்காமல் இருப்பதும், திறந்த கத்தி சும்மா தொட்டவுடன் மடங்காமல் இருப்பதும் இந்த அழுத்தத்தால்தான். இப்போது நகக்குழியில் நகத்தைக் கொடுத்து, அவசரப்படாமல் திறவுங்கள். அலகு எழும்பும்போது முதுகுவில்லும் ஒரு நெல்லளவு வெளியே புடைக்கும். பிறகு உள்ளே அமிழும். முழுதும் திறந்ததும் அது தகடுகளோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். குறுக்கே நகத்தை இழுத்தால் எங்கும் தட்டக்கூடாது. மடித்தாலும் அதே மட்டம். சில கத்திகளில் பாதித் திறப்பிலும் ஒரு நிறுத்தம் இருக்கும். அங்கேயும் மட்டமாக நின்றால் அதைச் செய்தவன் கையில் அரத்தோடு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

திறந்தபடியே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முதுகுப் பக்கமாகப் பாருங்கள். முதுகுவில்லுக்கும் தகட்டுக்கும் இடையால் ஒளி கீறாகத் தெரிந்தால், அந்த வழியால் மாங்காய்ப் புளியும் மணலும் உள்ளே போகும். அலகின் நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் ஆடுகிறதா? ஆணி தேய்ந்திருக்கிறது. மேல்கீழாக ஆடினால் முதுகுவில் களைத்துவிட்டது.

கல்முனையில் பழைய இரும்பு எடுக்கும் கடையொன்றில், கூடைக்குள் கிடந்த கத்தியொன்றை நான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “மனே, தொறந்து பாக்கிறத்துல ஒண்டும் தெரியாது. மடிச்சுப் பாரு. மடிக்கக்குள்ள கடைசி மட்டுக்கு அதுவாப் போய் விழணும். நீ தள்ளினாத்தான் போகுதெண்டா வில்லு செத்திட்டு.” பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து மடித்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம், இடையில் சறுக்கலோ இழுவையோ இல்லாமல். “இது போகும்” என்றார். அவர் கேட்ட சத்தத்தை நான் இன்னும் பல கத்திகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். விலை கூடிய கத்தியில்தான் அது கேட்கும் என்பதுமில்லை.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள நம் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உப்புக்காற்று. கடலைவிட்டுத் தள்ளிய ஊரில் மேசை லாச்சிக்குள் வருடக் கணக்கில் சும்மா கிடக்கும் கத்தி, சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கடற்பக்க வீட்டு அலுமாரிக்குள் ஒரு மாரி தாண்டுவதற்குள் புள்ளி விழுந்துவிடும். துருப்பிடிக்காத உருக்கென்று சொல்லி வாங்கியதும் தப்பாது. அதில் கலந்துள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம்தான் காவல். உப்பிலுள்ள குளோரைட் அதைக் குத்தித் துளைத்து அடியில் குழி தோண்டும். அதுவும் முதலில் எங்கே? காற்றும் துணியும் படாத மூட்டுக்குள். அலகு பளபளவென்று இருக்க, உள்ளே ஆணி தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். கடல் ஊருக்குள் வந்த 2004க்கு முந்திய கத்தியொன்று கரைப்பக்க வீட்டில் நல்ல மூட்டோடு கிடைத்தால், அதை விலைபேசாமல் வாங்குங்கள்.

குரோமியம் கலக்காத கரிம உருக்கை நம்மில் பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில்தான் பிரியம். கல்லில் சீக்கிரம் தீட்டுப்படும், வாய் மெல்லிதாக வரும். புதிதில் மாங்காய், தேசிக்காய் என்று நறுக்கிக்கொண்டே இருங்கள். புளி பட்டுப்பட்டு அலகில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம் பாயும். அது துருவல்ல, துருவைத் தடுக்கும் போர்வை. சிவப்பாகத் தெரிந்தால்தான் துரு. அதை உடனே துடைத்து எடுக்க வேண்டும். நீலம் பாய்ந்த அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பவரிடம் கத்தியைக் கொடுக்கக்கூடாது.

இந்த நிறத்தைப் பழகிப் பார்க்க ஓப்பினெல் போல ஒன்றில்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கியது. மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். முதுகுவில்லே கிடையாது. திறந்த பின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு வந்தது 1955இல். பலரும் வாங்கும் 8ஆம் இலக்கத்தின் அலகு எட்டரை சென்ரிமீற்றர். முதுகைப் பார் என்று இவ்வளவு நேரம் சொன்னவன் முதுகுவில் இல்லாத கத்தியைப் புகழ்வது என்ன நியாயம் என்றால், இதில் பார்க்க வேண்டியது மரம் அலகை எவ்வளவு இறுக்கமாகக் கவ்வுகிறது என்பதை. மாரி தொடங்கினால் மரம் ஊதிவிடும், அலகு வெளியே வர மறுக்கும். சவோய்க்காரர்கள் பிடியின் வால்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு துள்ளி எட்டிப் பார்க்கும். மழைக்காலத்து அக்கரைப்பற்றில் இந்த வித்தை நன்றாகவே உதவும்.

சுவிஸ் கத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் உள்ள வீடுகளில் டோர்ச் லைட்டோடும் அத்தர்க் குப்பியோடும் ஒரு சிவப்புக் கத்தியும் வந்து இறங்கியிருக்கும். கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் இராணுவத்துக்குக் கொடுத்து, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவுசெய்தார். வந்திறங்கியவற்றில் அசலும் உண்டு, அதன் தம்பிமாரும் உண்டு. இரண்டையும் பிரிக்கச் சின்னத்தைப் பார்த்துக் கண்ணைக் கெடுக்க வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாக மடித்துச் சத்தத்தைக் கேளுங்கள். போலியில் ஒன்று ‘டக்’ என்னும், மற்றது ‘சொத்’ என்னும்.

சேகரிக்கத் தொடங்கியவருக்கு ஒகாபி ஒன்று கிடைத்தால் நல்லது. ஜெர்மனியின் சோலிங்கனில் 1902இல் ஆபிரிக்கச் சந்தைக்கென்றே செய்யத் தொடங்கிய மலிவுக் கத்தி. இப்போது தென்னாபிரிக்காவில் செய்கிறார்கள். பிடியில் பிறையும் நட்சத்திரமும் பதித்திருப்பார்கள். ஜப்பானின் மீகி நகரத்து ஹிகோனோகாமி இன்னும் எளிது, மடித்த தகட்டுக்குள் ஓர் அலகும் பெருவிரலுக்கு ஒரு சிறு வாலும் மட்டும். மறுபக்கம் ஷெபீல்டின் ஜோசப் ரொட்ஜர்ஸ். நட்சத்திரமும் மோல்ட்டாச் சிலுவையும் 1764 முதல் அவர்களுடைய முத்திரை. 1822இல் அவர்கள் 1822 அலகுகளோடு ஒரு கத்தி செய்தார்கள், ஆண்டு ஏற ஏற அலகும் ஏறும்படி. பெருமைக்குச் செய்தது. அதால் ஒரு வத்தகைப்பழத்தைக்கூட வெட்ட முடியாது.

வத்தகை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் ஊர்களில் வில்லுக்கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவர் எவருமில்லை. சாறனுக்கு மேல் கட்டும் அகலத் தோல் வாரில் காசுக்கு ஒரு பை, கத்திக்கு ஒரு பை. வட்டைக்குப் போகிறவர் அதால் உரப்பையின் வாயை அறுப்பார், விளாங்காயைத் தோண்டுவார், முள் எடுப்பார். கரையில் தங்கூசி அறுக்கவும் வலைநூலைத் துண்டாடவும் அதே கத்தி. மருதமுனைத் தறியில் நூல்முடிச்சு நறுக்கவும் அதுதான். ஒஸ்தா மாமாவின் பெட்டிக்குள் இருந்த சவரக்கத்தியும் மடக்குக் கத்திதான் என்பதைச் சேகரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதில் முதுகுவில் கிடையாது, ஓர் ஆணியில் தொங்கும் அலகு. நல்லதாக இருந்தால், திறந்த இடத்தில் திறந்தபடியே நிற்கும். மாற்று பிளேட் வந்த பிறகு அந்தப் பெட்டிகள் எங்கே போயின என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் சேகரிப்பின் மிக அழகான கத்தி அங்கேயிருந்துதான் வரும்.

பழைய கத்திகளில் மரைக்கொம்புப் பிடி காண்பீர்கள். கையில் எடுத்தால் கொம்பின் வரிகள் விரலுக்குள் உட்காரும், வழுக்காது. ஆனால் மரை நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. புதுக் கொம்பில் செய்து தருகிறேன் என்று எவரும் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எருமைக்கொம்பு போதும். கறுப்பில் பால்நிறக் கீறல் ஓடும் எருமைக்கொம்புப் பிடியை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தவருக்கு மரைக்கொம்பு வேண்டாமென்றாகிவிடும். உப்புக்காற்றில் அது வெடிக்காமலிருக்க அந்த எண்ணெய்த் துணி அவசியமும்கூட.

எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய் அல்ல. அது மூட்டுக்குள் நாளாக ஆகப் பசையாகிவிடும். தையல் மெசின் ஒயில் ஒரு சொட்டு, அலகை நாலைந்து தடவை திறந்து மூடி, வெளிவரும் கறுப்பைத் துடைத்துவிட வேண்டும். கடலுக்குக் கொண்டுபோன கத்தியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடி காயவைத்த பிறகுதான் ஒயில். தீட்ட, கல் இல்லாவிட்டால் பீங்கானைக் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் அலகைப் பதினைந்து இருபது பாகை சாய்த்து, மெல்லிய தோல் சீவுவதுபோல இரண்டு பக்கமும் மாறிமாறி இழுத்தால் அன்றாட வேலைக்குப் போதுமான வாய் வந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் லெவ்வை கத்தி தீட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த சிறுவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. விலங்கு வதைபடாமலிருக்க அலகைக் கூராக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் வளர்ந்தவர்கள் மழுங்கிய கத்தியை வைத்திருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

கொண்டு திரிவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கும் குண்டுவெடிப்புக்கும் பிறகு, அடுத்த மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கும்படி நாடு முழுக்க அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் பயத்துக்கு விலக்கு ஏது? மாங்காய் நறுக்கும் வில்லுக்கத்தியையும் கோடிக்குள் புதைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கத்திகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் ஹிந்திப் படத்து வில்லன்கள் கையிலிருந்த ராம்பூர்க் கத்திக்கும் பங்குண்டு. பொத்தானை அழுத்தப் பாய்ந்து வரும் கத்திகளை ஆசைக்கும் வாங்காதீர்கள். அதில் ரசிக்க ஒன்றுமில்லை, மூட்டும் மோசம். சிறிய அலகு, வேலைக்கான வடிவம், எதற்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லக்கூடிய காரணம்: இந்த மூன்றும் இல்லாமல் கொண்டுபோக வேண்டாம். பாடசாலை, நீதிமன்றம், கச்சேரி, அரசியல் கூட்டம் என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொருவர் பார்க்கக் கேட்டால் மடித்துக் கொடுங்கள். உறையில்லாத வாளை ஒருவருக்கு நீட்டுவதை நபிகளார் தடுத்ததாக ஹதீஸ் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமென்று கீழே வைத்து எடுக்கச் சொல்லும் மூத்தும்மாமாரும் உண்டு. இரண்டுக்கும் மடக்குக் கத்தி தோதானது. வாங்கியவர் அதைத் திறந்து, அலகை மெச்சிவிட்டு உங்களிடம் திருப்பித் தந்தால் ஆள் புதிது. மடித்துக் காதருகே கொண்டுபோனால் ஒரு பிளேன்ரீ சொல்லுங்கள், நெடுநேரம் பேசலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று. கத்தியைக் கைப்பையில் போடாமல் பெரிய பெட்டிக்குள், உடுப்புக்கு நடுவே வையுங்கள். கட்டுநாயக்கவில் வாப்பாவின் கத்தியைப் பறிகொடுத்துவிட்டு விமானம் ஏறியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.