குறுஞ்செய்தி சுகரைத் தடுக்குமா?

வாரத்தில் சில முறை செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தி சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும் என்று சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2013-இல் லான்செட் குழும இதழொன்றில் எழுதியது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஓசூரில் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். சோதிக்கப்பட்ட 537 பேரும் தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் வேலை பார்த்த, சுகர் வரும் விளிம்பில் நின்ற ஆண்கள். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு. 11 பேருக்கு அனுப்பினால் ஒருவர் தப்புகிறார். இவ்வளவு மலிவான வழிக்கு இது பெரிய பலன்.

ஆனால் இரு தரப்பாருக்குமே தொடக்கத்தில் நேரில் ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. ஆகவே இங்கே நிரூபணமானது, நேர்ப்பேச்சுக்குப் பின் வந்த செய்தியின் பலன்தான். செய்தியை மட்டும் தனியாக இந்த ஆய்வு சோதிக்கவில்லை. செய்தி பெற்றவர்களின் சாப்பாடு குறைந்தது, உடலுழைப்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவரை, 'நடங்கள்' என்ற ஒரு வரி எப்படி நடக்கவைக்கும்?

இதே வழியை இந்தியாவிலும் பிரிட்டனிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த முடிவு 2020-இல் வந்தது. இம்முறை வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. முதல் ஆய்வில் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தார்கள், இதில் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தார்கள். அதனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும் முதல் ஆய்வின் எண்ணை இனி முழு நம்பிக்கையோடு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓசூரில் கேள்விகள் இன்னும் கூடுகின்றன. இங்கே வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. வடமாநிலத் தொழிலாளர்கள் விடுதிகளில் தங்குகிறார்கள். எந்த மொழியில் அனுப்புவது? எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் 2013 ஆய்வில் இல்லவே இல்லை. கேன்டீனில் போடுவதைத்தான் நைட் ஷிப்ட்காரர் சாப்பிடுகிறார். 'சோற்றைக் குறையுங்கள்' என்பது முதலில் கேன்டீன் கான்டிராக்டரிடம் சொல்ல வேண்டிய சொல்.

சர்க்கரை நோய்க்கு மட்டுமல்ல, அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட ஹிஸ்பானிய மக்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்புவது பற்றிப் பேசப்படுகிறது. பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை முடித்து இந்த எல்லைப்புற ஊர்களுக்குத் திரும்புகிறவருக்கு அசதியும் பயமும் இருக்கும், திருப்பிக் கேட்க ஆயிரம் கேள்விகள் இருக்கும். பதில் சொல்லாத செய்தி அவருக்குப் போதாது.

பேசிப் பதில் சொல்ல இங்கே ஆள் உண்டு. வீடு தேடி மருந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வாசலுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவை மக்களுக்குத் தெரியும். அவர் ஒருமுறை உட்கார்ந்து பேசிய பிறகு, அவர் பெயரில் செய்தி போகட்டும். உணவைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். அவருக்குப் பதிலாக, ஆள் செலவை மிச்சம்பிடிக்கச் செய்தி போகுமானால் ஏற்க மாட்டேன். அப்படிச் செய்ய இந்த ஆய்வுகள் சான்றாகா. பெண்களையும் ஷிப்ட்காரர்களையும் சேர்த்து, அவரவர் மொழியில், கேன்டீன் தட்டையும் கணக்கில் எடுத்து அடுத்த சோதனையை ஓசூர் சிப்காட்டில் நடத்த வேண்டும்.