எண்பத்திரண்டு சிசி நாசூக்கு

சுசுகி எல்டி80 என்கிற நாலு சக்கரக் குட்டி வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். யமஹா ஆர்எக்ஸ்100 பைக் வைத்திருந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வண்டியின் போரும் 50தான். யமஹாவில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 என்பதால் 98 சிசி வந்தது. எல்டி80இல் அந்தத் தூரம் 42. ஆகவே 82 சிசி. நம் ஊர்க் கல்லூரி வாசல்களை அதிரவைத்த வண்டிக்கும், அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைப் புல்தரையில் பள்ளிப் பிள்ளை கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அமுக்கி ஓட்டும் வண்டிக்கும் வாயகலம் ஒன்றே. சின்னப் பிள்ளைக்குத்தானே என்று சுசுகிக்காரர்கள் தூரத்தைக் குறைத்தார்கள், வேகத்தைக் கட்டினார்கள். நேர்த்தியில் மட்டும் எதையும் குறைக்கவில்லை. ஹெட்டைக் கழற்றினால் அது தெரியும்.

1987 முதல் 2006 வரை வந்த வண்டி. அண்ணனிடமிருந்து தங்கைக்கும், அவளிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் கைமாறி இன்னும் ஓடுகிறது. நம் மெக்கானிக்குகள் 'ஹாஃப் என்ஜின்' என்று சொல்லும் வேலை, அதாவது ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங் மட்டும் பார்ப்பது, என்றாவது ஒருநாள் இதற்கு வந்தே தீரும். காரணம் ஓட்டுகிறவரின் வயது. பிள்ளைகளின் கட்டைவிரலுக்கு ஆக்சிலேட்டரில் இரண்டே நிலைதான் தெரியும்: முழுதாக அமுக்குவது, முழுதாக விடுவது. போதாக்குறைக்கு ஒருவர் பின்னால் ஒருவர் புழுதி கிளப்பிக்கொண்டு போவார்கள். ஏர் ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பு எந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறது?

கழற்றிய பழைய பிஸ்டனை உடனே தூக்கிப் போடுகிறவர்கள் வேலையின் பாதி ருசியை இழக்கிறார்கள். சைலன்சர் பக்கம் மட்டும் நெடுங்கோடாக உரசல் இருந்தால், எண்ணெய் போதவில்லை அல்லது கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறியிருக்கிறது. நாலு இடத்தில் சம தூரத்தில் உரசியிருந்தால், என்ஜின் சூடாகும் முன்பே யாரோ முழுதாக அமுக்கியிருக்கிறார்கள். வெளிச்சுவர் விரியுமுன் உள்ளே பிஸ்டன் விரிந்துவிட்டது. கார்புரேட்டர் பக்கத்துப் பாவாடை, அதாவது பிஸ்டனின் கீழ்ச்சுவர், மினுமினுப்பின்றிச் சாம்பல் பூத்திருந்தால் அது புழுதியின் வேலை. பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும்போது, புதுக் கலவை வந்து மோதும் ஓரங்கள் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அந்த வெளுப்பின் அகலத்தை வைத்தே கலவை சரியா என்று சொல்லும் கைகாரர்கள் உண்டு. கிராங்க் ஓரத்து ஆயில் சீல் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து கலவையைக் கெடுத்திருந்தால், பழைய பிஸ்டன் அதையும் காட்டிக்கொடுக்கும். அதைக் கேட்காமல் புதியதை மாட்டினால், அதே பக்கம் அதே கோடு மறுபடி விழும்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு என்று தனியாக மேலே எதுவும் இல்லை. பிஸ்டனே வால்வு. சிலிண்டர் சுவரில் வெட்டிய வாசல்களை அதன் உடம்பே மூடித் திறக்கிறது. இந்த வாசல்களை விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். புதுக் கலவை வரும் வழிகள் நேராக உள்ளே பார்ப்பதில்லை. சைலன்சர் வாசலுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கலவை அந்தச் சுவரில் மோதி, மேலே ஏறி, வளைந்து திரும்பி, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வரும். 1920களில் ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் ஷ்னூர்லே கண்ட வழி இது. அதற்கு முன்பு, வந்த கலவை நேரே வெளியே ஓடிவிடாதிருக்கப் பிஸ்டன் தலையிலேயே ஒரு திமிலை எழுப்பியிருந்தார்கள். கனமும் சூடும் அதனால் வந்த தொல்லைகள். ஷ்னூர்லே வாசலைச் சாய்த்தார், பிஸ்டனின் திமில் கரைந்தது. ஒரு சாய்வைக் கொண்டு ஒரு பாரத்தை இல்லாமல் ஆக்கிய இந்த யோசனையைவிட அழகான ஒன்றை இந்த என்ஜினில் நான் பார்க்கவில்லை.

வாசல்கள் இருப்பதால்தான் ரிங்குக்கு இத்தனை உபசாரம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், ரிங் சைலன்சர் வாசலை நொடிக்கு 200 தடவை தாண்டுகிறது. தாண்டும் ஒவ்வொரு தடவையும் அந்தத் திறப்புக்குள் சற்றே பிதுங்கப் பார்க்கும். அதன் இரண்டு நுனிகள் சுற்றிவந்து வாசலில் சிக்கினால் கதை முடிந்தது. அதற்காகப் பிஸ்டனின் பள்ளத்தில் ஊசிமுனை அளவில் ஒரு பின் அடித்திருக்கிறார்கள். ரிங்கின் நுனிகள் அந்தப் பின்னைக் கட்டிப்பிடிக்கும்படி அரைவட்டமாகக் குடைந்திருக்கும். பின் இருப்பதும் வாசலே இல்லாத சுவருக்கு நேராக. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும் என்ற கண்டிப்பு இதனால்தான். அம்பைத் திருப்பி மாட்டினால் நுனிகள் வாசலுக்கு நேராகப் போய் நிற்கலாம்.

தேய்ந்த சுவரைப் போர் போட்டு 50.5க்கு அகட்டினால் கொள்ளளவு 84 சிசியைத் தொடும். 51க்குப் போனால் 86க்குச் சற்றுக் கீழே. 16 வயது ஆகாதவர்களுக்கு 90 சிசிக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் 1988இல் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் வழியே ஒப்புக்கொண்ட பழைய வரம்பு அப்போதும் மீறப்படவில்லை! போர் போடுகிறவர் கையில் புதுப் பிஸ்டனைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு போதாது. பிஸ்டன் நேர் உருளை அல்ல. தலைப்பக்கம் சூடு அதிகம், அதனால் அங்கே ஒடுக்கம். கனெக்டிங் ராடைப் பிஸ்டனோடு கோக்கும் கஜன் பின் போகும் திசையில் உலோகம் தடிமன், அதனால் அங்கேயும் ஒடுக்கம். குளிர்ந்திருக்கும்போது கோணலாக இருந்து, ஓடும்போது வட்டமாக வேண்டிய பொருள் அது. மைக்ரோமீட்டரைக் கஜன் பின்னுக்குக் குறுக்கே, பாவாடையின் கீழ்ப்பகுதியில் வைத்து அளப்பது இதனால்தான். சுவருக்கும் அதற்கும் விடும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் ஐந்தாறு பங்கு.

போர் போட்டபின் வாசல் விளிம்புகள் கத்தியாக இருக்கும். அவற்றை மழுக்காமல் ரிங் போட்டால் ஒரே நாளில் சீவித் தள்ளிவிடும். சாணைக்கல்லால் மெல்ல உருட்டிவிடும் இந்தக் கால்மணி நேர வேலையைத் தவிர்க்கிற பட்டறைகளை நான் மன்னிப்பதில்லை. கடைசியாக ஹோனிங். சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டும். உழுத நிலத்தில் மழை நீர் நிற்பதுபோல எண்ணெய் அந்தச் சால்களில் நிற்கும்.

மாட்டும்போது சர்க்ளிப்பைக் கவனியுங்கள். கஜன் பின் வெளியே வராமல் காக்கும் இந்தக் கம்பிவளையத்தின் வாய் மேலே அல்லது கீழே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால், பிஸ்டன் உச்சியில் சடாரென்று திரும்பும் விசையில் வளையம் சுருங்கிப் பள்ளத்தைவிட்டுக் குதிக்கும். பழையதை மறுபடி போடுவது கஞ்சத்தனம். கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைக்காமல் இந்த வேலையில் இறங்கியவர்கள், ஒரு சின்ன 'டிங்' சத்தத்துக்குப் பிறகு முழு என்ஜினையும் பிரித்திருக்கிறார்கள். கேஸ்கட், நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

புது ரிங் சுவரோடு பழகும்வரை முழு வேகம் கூடாது. பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம், பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஆக்சிலேட்டர் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. உள்ளே திருகிவைத்தால் கட்டைவிரல் எவ்வளவு அழுத்தினாலும் பாதிக்குமேல் திறக்காது. பிள்ளையின் பாதுகாப்புக்கு வைத்த திருகு பிஸ்டனின் பாதுகாப்புக்கும் ஆகிறது. ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் சற்றே வெளியே திருகிவிட்டு, லாக் நட்டை மறக்காமல் இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் அதிர்விலேயே திருகு கழன்று வரும். வண்டிக்குத் திடீரென்று வேகம் கூடியதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் சொல்லவும் மாட்டார்.